ஒளியின் உந்துதலைக் கண்ட மேதை – மேகநாத சாகா



நம் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் விளக்குகளைத் தாண்டிச் சற்றுத் தொலைவு நடந்து, ஊசுடு ஏரிப் பக்கம் நின்று இரவு வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? கணக்கற்ற விண்மீன்கள் கண் சிமிட்டும். அவற்றின் ஒளி நம் முகத்தில் படுகிறது. படுவதோடு நில்லாமல், அந்த ஒளி நம்மை மிக மிக மெல்லத் தள்ளவும் செய்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். ஒளிக்கு எடையில்லை, ஆனால் உந்துதல் உண்டு.

இன்று விண்வெளியைப் பற்றி ஆசையோடு பேசும் இளைஞர்களிடையே ஒரு கனவு உலவுகிறது. 1977-இல் புறப்பட்ட வாயேஜர்-1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்துகொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் சென்றாலும், சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனின் தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். விரைந்து செல்ல எரிபொருள் வேண்டும். எரிபொருளைச் சுமக்க மேலும் எரிபொருள் வேண்டும். அப்படியானால், பேரண்டம் எங்கும் நிறைந்திருக்கும் ஆதிக் கதிர்வீச்சையே காற்றாகக் கொண்டு, பாய்மரக் கப்பல் போல விண்கலத்தை ஓட்ட முடியாதா? இதுவே அந்தக் கனவு.

இக்கேள்விக்கு விடை தேடும் எவரும் ஓர் இந்தியரின் வாழ்க்கையைக் கடந்துதான் செல்ல வேண்டும். ஒளியின் உந்துதலை ஆராய்ந்தவரும் அவரே. ஆதிக் கதிர்வீச்சு எப்போது விடுதலை பெற்றது என்று கணக்கிட உதவும் சமன்பாட்டைத் தந்தவரும் அவரே. ஒரு சிற்றூர் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த அவர்தாம் பேராசிரியர் மேகநாத சாகா.

சிற்றூரில் பிறந்த சிறுவன்

1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் இருக்கும் டாக்காவை அடுத்த சியோராதலி என்னும் சிற்றூரில் மேகநாதர் பிறந்தார். தந்தை ஜகந்நாத சாகா. தாய் புவனேசுவரி தேவி. எட்டுக் குழந்தைகளில் இவர் ஐந்தாமவர். மேகநாதம் என்றால் மேகத்தின் முழக்கம் என்று பொருள். புயலும் மழையுமாக இருந்த வேளையில் பிறந்ததால் குழந்தைக்கு மேகத்தின் பெயர் சூட்டப்பட்டது என்பார்கள்.

தந்தையின் சிறு கடையில் வரும் வருமானம் அத்தனை பேரின் வயிற்றுக்கே போதவில்லை. எழுத்தும் கணக்கும் தெரிந்தால் போதும், பிறகு பையன் கடையில் உட்காரட்டும் என்பது தந்தையின் எண்ணம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வறுமை அப்படி எண்ண வைத்தது. ஆனால் ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள் சிறுவனின் கூர்மையைக் கண்டுகொண்டார்கள். சணல் ஆலையில் வேலை பார்த்த அண்ணன் ஜெயநாதரும் தம்பி படிக்கட்டும் என்று உறுதியாக நின்றார்.

மேற்கொண்டு படிக்க ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த சிமுலியாவுக்குப் போக வேண்டும். விடுதிக்குக் கட்டப் பணம் ஏது? அவ்வூரில் இருந்த அனந்தகுமார தாஸ் என்னும் மருத்துவர் சிறுவனைத் தம் வீட்டிலேயே தங்க வைத்து உணவும் அளித்தார். அதற்குக் கைம்மாறாகச் சிறுவன் தன் தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பசுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பசுவுக்குத் தீவனம் வைத்த அந்தக் கைகள்தாம் பின்னாளில் விண்மீன்களின் வெப்பத்தை அளந்தன. நடுநிலைப் பள்ளித் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறி, மாதம் 4 ரூபாய் உதவித்தொகை பெற்றார் மேகநாதர்.

இழந்ததும் பெற்றதும்

1905-இல் டாக்கா நகருக்கு வந்து அரசினர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் கொந்தளிப்பு. ஆளுநர் பள்ளிக்கு வருகை தந்தபோது மாணவர் சிலர் எதிர்ப்பைக் காட்டினர். அவர்களோடு மேகநாதரும் சேர்ந்துகொண்டார். விளைவு? பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் போயின. பன்னிரண்டு வயதுச் சிறுவன், கையில் காசில்லை, தங்க இடமும் நிச்சயமில்லை.

நல்ல வேளையாகத் தனியார் நடத்திய கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. இக்காலத்தில் நடந்த ஒரு செய்தி நமக்குச் சுவையானது. டாக்காவில் பாப்டிஸ்ட் மிஷனரிமார் நடத்திய இலவச விவிலிய வகுப்புகளுக்கு மேகநாதர் சென்று வந்தார். வங்காளம் முழுமைக்கும் வைத்த விவிலியத் தேர்வில் முதற்பரிசாக 100 ரூபாய் பெற்றார். மாதம் 4 ரூபாயில் வாழப் பழகிய ஏழை மாணவனுக்கு அது எத்தனை பெரிய உதவி! எந்த நூலானாலும் ஆழ்ந்து கற்பது அவருக்கு இயல்பாகிவிட்டது.

1909-இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காள மாணவர்களில் முதலிடம் பெற்றார். டாக்கா கல்லூரியில் படித்த இரண்டு ஆண்டுகளில் ஜெர்மன் மொழியையும் கூடுதலாகக் கற்றார். அக்காலத்தில் பௌதிக விஞ்ஞானத்தின் புதிய கருத்துகள் பெரும்பாலும் அம்மொழியில்தான் வெளிவந்தன. அன்று விளையாட்டாகக் கற்ற மொழி பின்னர் எப்படி உதவிற்று என்று பார்ப்போம்.

கல்கத்தா நாட்கள்

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆசிரியர்கள் ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பெருமக்கள். வகுப்புத் தோழர் சத்தியேந்திரநாத போஸ். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. ஆகிய இரு தேர்வுகளிலும் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். போட்டி இருந்தது, பொறாமை இல்லை. இருவரும் கடைசிவரை நண்பர்களாக இருந்தனர்.

ஆனால் விடுதி வாழ்க்கை இனிமையாக இருக்கவில்லை. தாழ்ந்த குலம் என்று கருதப்பட்ட பிரிவில் பிறந்தவர் என்பதற்காக, மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். கலைமகள் பூசையிலும் அவரை ஒதுக்கி வைத்தனர். கலைமகளின் அருள் யாரிடம் இருந்தது என்பதை அவர்கள் அறியவில்லை போலும். இந்தக் காயத்தை மேகநாதர் மறக்கவில்லை. அதற்காக யாரையும் பழிக்கவும் முற்படவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் சமுதாயம் முன்னேறாது என்ற உறுதி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

படிப்பு முடிந்தபின் அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுத விரும்பினார், அனுமதி கிடைக்கவில்லை. குடும்பம் அவர் கையை எதிர்பார்த்திருந்தது. காலையும் மாலையும் மிதிவண்டியில் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். அந்த அரசுப் பணி கிடைத்திருந்தால் ஒரு நல்ல கணக்கு அதிகாரி கிடைத்திருப்பார். உலகம் ஒரு விஞ்ஞானியை இழந்திருக்கும்.

1916-இல் சர் அசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புதிய விஞ்ஞானக் கல்லூரியைத் தொடங்கியபோது சாகாவும் போஸும் விரிவுரையாளராயினர். ஆய்வுக்கூடத்தில் கருவிகள் அதிகம் இல்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் வெளிநாட்டு நூல்கள் வருவதும் அரிது. கிடைத்த ஜெர்மன் நூல்களைத் தாமே படித்துத் தெளிந்து, மறுநாள் மாணவர்க்குக் கற்பித்தார்கள். ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை இந்த இரு நண்பர்களும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது.

ஒளி தள்ளுமா?

வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருக்கும். சூரியனிடமிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது என்று நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கெப்ளர் எண்ணினார். ஒளிக்கு அழுத்தம் உண்டு என்று மாக்ஸ்வெல் கணக்கிட்டுக் கூறினார். 1900-ஆம் ஆண்டையொட்டி ருஷியாவில் லெபெதேவும், பின்னர் அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் ஆகியோரும் சோதனையில் அதை அளந்து காட்டினர். சாகாவும் கல்கத்தாவில் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஒளியின் அழுத்தத்தை அளந்தார்; அதன் விவரம் 1918-இல் வெளியாயிற்று.

அந்த அழுத்தம் எவ்வளவு? பூமியின் தொலைவில், ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே பிடித்தால், அத்தனை வெயிலும் சேர்ந்து அதைத் தள்ளும் விசை 9 நியூட்டன்தான். ஒரு கிலோ அரிசியின் எடையைவிடச் சற்றுக் குறைவு! ஆனால் ஓர் அணுவுக்கு அதுவே பெரிய விசையாகலாம் என்று கண்டதில்தான் சாகாவின் மேதைமை விளங்குகிறது.

அவரைத் தூண்டிய புதிர் இது. சூரியனைச் சுற்றிலும் செந்நிறமான ஒரு மெல்லிய வாயுப் படலம் இருக்கிறது. அதில் கால்சியம் 14,000 கிலோமீட்டர் உயரம்வரை காணப்பட்டது. நம் எலும்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் அதே கால்சியம். ஹைட்ரஜன் இலேசானது, கால்சியம் அதைவிட நாற்பது மடங்கு கனமானது. இலேசானது மேலேயும் கனமானது கீழேயும் அல்லவா இருக்க வேண்டும்? கனமான கால்சியம் அவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏறியது? நம் கோடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் இந்தக் கால்சிய ஒளியிலேயே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

சாகா தந்த விளக்கம் இதுதான். ஒளி துகள் துகளாக வருகிறது. ஒவ்வோர் அணுவும் தனக்குரிய நிறத்தை மட்டும் தேர்ந்து விழுங்குகிறது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தள்ளு கிடைக்கிறது. கால்சியம் விழுங்கும் ஊதா நிற ஒளி சூரியனில் மிகுதியாக உள்ளது. ஆகவே சூரியன் அந்த அணுக்களைத் தன் ஒளியாலேயே மேலே ஏந்திப் பிடிக்கிறது. எல்லா அணுக்களையும் ஒன்றுபோல் தள்ளாமல் சிலவற்றைத் தேர்ந்து தள்ளுகிறது. இதையே அவர் தேர்வுக் கதிர்வீச்சழுத்தம் என்று குறித்தார்.

அச்சேறாத கட்டுரை

1917-இன் இறுதியில் இதை நீண்ட கட்டுரையாக எழுதி, அமெரிக்காவில் வெளிவந்த புகழ்பெற்ற வானியற்பியல் இதழுக்கு அனுப்பினார். கட்டுரை நீளமானது, அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே ஏற்றால் வெளியிடலாம் என்று பதில் வந்தது. அந்தத் தொகை நூறு டாலருக்கும் மேல். சொற்பச் சம்பளத்தில் பெற்றோரையும் தம்பியையும் தாங்கி வந்த இளம் விரிவுரையாளருக்கு அது எட்டாக் கனி. கட்டுரை கிடப்பில் போயிற்று. 1919-இல் அதன் சிறு குறிப்பு மட்டும் அவ்விதழில் வந்தது. முழுக் கட்டுரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் சஞ்சிகையில் அச்சாயிற்று. அதை வெளிநாட்டில் யார் படிப்பார்? சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் மில்ன் என்பவர் இதே துறையில் விரிவாக ஆராய்ந்து பெயர் பெற்றார். முதலில் கண்டவர் பெயர் பின்னுக்குப் போயிற்று. அந்த வருத்தம் சாகாவுக்கு நெடுநாள் இருந்தது.

இவ்விடத்தில் நம் புதுச்சேரியோடு தொடர்புடைய ஒரு வானியலாரும் நினைவுக்கு வருகிறார். 1761-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்வதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புறப்பட்டு வந்த லெ ஜாந்தீல், போரின் காரணமாகப் புதுச்சேரியில் இறங்க முடியாமல் நடுக்கடலில் அந்தக் காட்சியைக் கண்டார். ஆடும் கப்பலில் அளவெடுக்க இயலவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்து, 1769 ஜூன் மாதம் நம் ஊரிலேயே கருவிகளோடு ஆயத்தமாக நின்றார். அன்று காலை பார்த்து மேகம் மூடிவிட்டது! விஞ்ஞானிகளின் வாழ்க்கை வெற்றிகளால் மட்டும் ஆனதன்று.

நட்சத்திரங்களின் வெப்பமானி

சாகா சோர்ந்து உட்காரவில்லை. கால்சியத்தின் புதிரை வேறு வழியிலும் அணுகினார். மிகுந்த வெப்பத்தில் அணு தன் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு அணுக்கள் அயனியாகும்? வெப்பம் கூடக் கூட அயனிகள் பெருகும். அதுபோலவே அழுத்தம் குறையக் குறையவும் பெருகும். நெருக்கமான கூட்டத்தில் கை நழுவிய குழந்தையை உடனே யாராவது பிடித்துக்கொள்வார்கள். வெட்டவெளியில் நழுவினால் மீண்டும் பிடிப்பது அரிது அல்லவா? எலக்ட்ரானின் நிலையும் அதுவே. இதைக் கணக்காக எழுதியதே சாகாவின் அயனியாதல் சமன்பாடு. 1920-இல் இங்கிலாந்தின் தத்துவ இதழில் அது வெளியானபோது அவருக்கு வயது 27.

அதே ஆண்டு லண்டன் சென்று பேராசிரியர் ஆல்பிரட் ஃபௌலரின் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் உழைத்தார். பிறகு பெர்லினில் நெர்ன்ஸ்டின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். டாக்காவில் கற்ற ஜெர்மன் மொழி அங்கே கைகொடுத்தது. சூரியனில் உள்ள கரும்புள்ளிகள் சற்றுக் குளிர்ந்தவை. ஆகவே மற்ற இடங்களில் தென்படாத ருபிடியம் அங்கே தென்பட வேண்டும் என்று சாகா முன்கூட்டிச் சொன்னார். அமெரிக்க விஞ்ஞானி ரஸ்ஸல் தேடிப் பார்த்தார். ருபிடியம் அங்கே இருந்தது. 1927-இல் லண்டன் ராயல் சங்கம் சாகாவைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பல முறை பரிந்துரைக்கப்பட்டது; பரிசு கிடைக்கவில்லை.

மூன்று பெண்மணிகள்

மாணவியராகிய நீங்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. சாகாவின் இந்தச் சாதனைக்கு முன்னும் பின்னும் மூன்று பெண்மணிகள் நிற்கிறார்கள்.

முதலாமவர் அயர்லாந்தில் பிறந்த ஆக்னஸ் கிளார்க். வானியலைப் பொதுமக்களுக்கு விளங்கும்படி அவர் எழுதிய நூல்களைப் படித்தபோதுதான் சூரியனையும் விண்மீன்களையும் பற்றிய ஆர்வம் சாகாவுக்குத் தோன்றியது.

இரண்டாமவர் அமெரிக்காவின் ஆனி ஜம்ப் கேனன். செவிப்புலன் பெரிதும் குன்றியவர். விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தும் பணியை 1860-களில் ரோமாபுரியில் இயேசு சபைக் குருவான ஆஞ்செலோ செக்கி தொடங்கி வைத்தார். கேனன் அம்மையார் ஹார்வர்டு வானாய்வகத்தில் அமர்ந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரிசைப்படுத்தினார். அந்த வரிசை எதைக் காட்டுகிறது என்பதை விளக்கியது சாகாவின் சமன்பாடு. அது வெப்பத்தின் வரிசை!

மூன்றாமவர் செசிலியா பெயின். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பயின்றவர். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1923-இல் அமெரிக்கா சென்று, கேனன் அம்மையாரின் பதிவுகளைச் சாகாவின் சமன்பாட்டால் ஆராய்ந்தார். விண்மீன்கள் பூமியைப் போன்ற பொருள்களால் ஆனவை அல்ல. அவற்றில் மிகப் பெரும் பங்கு ஹைட்ரஜனே என்ற முடிவு கிடைத்தது. 1925-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது பெரியவர்கள் நம்பவில்லை. அந்த முடிவு உண்மையாக இருக்க முடியாது என்று அவரே எழுதிவிடும் நிலை ஏற்பட்டது. அப்படி வற்புறுத்தியவர் மேலே சொன்ன ரஸ்ஸல்தான். நான்கு ஆண்டுகளில் தம் தனி வழியில் அதே முடிவுக்கு வந்து, பெயின் சொன்னதே சரி என்று அவர் ஒப்புக்கொண்டார். 1956-இல் பெயின் அம்மையார் ஹார்வர்டில் முழுப் பேராசிரியரானார். துறைத் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

ஆதிக் கதிர்வீச்சும் விண்கலமும்

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். பேரண்டம் விரிந்துகொண்டே வருகிறது என்றும், அது மிகச் சிறிய ஆதி அணுவிலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்றும் கூறியவர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமேத்ர். தொடக்கத்தில் பேரண்டம் கொதிக்கும் உலை போல் இருந்தது. அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து சிதறிக் கிடந்தன. ஒளி எங்கும் நேராகச் செல்ல முடியாமல் மூடுபனியில் சிக்கியது போல் தவித்தது. அந்த மூடுபனி எப்போது விலகியது? இதைக் கணக்கிட விஞ்ஞானிகள் முதலில் கையில் எடுப்பது சாகாவின் சமன்பாட்டைத்தான். பேரண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் வெப்பம் 3,000 டிகிரி அளவுக்குத் தணிந்தது. எலக்ட்ரான்கள் அணுக்களோடு இணைந்தன. ஒளி விடுதலை பெற்றது.

அந்த ஒளி இன்றும் திரிகிறது. பேரண்டம் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்ததால் அது குளிர்ந்து, பூச்சியத்துக்குக் கீழே 270 டிகிரி குளிரில் நுண்ணலையாக நிற்கிறது. 1964-65-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் ஆகிய இருவர் அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்து 1978-இல் நோபல் பரிசு பெற்றனர். அருள்தந்தை லெமேத்ர் 1966 ஜூன் மாதம் மறைவதற்குச் சற்று முன்பு இச்செய்தியைக் கேட்டறிந்தார். சாகா அதற்குப் பத்தாண்டு முன்பே மறைந்துவிட்டார்.

ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் இந்தக் கதிர்வீச்சின் துகள்கள் சுமார் 400 இருக்கின்றன. அப்படியிருந்தும் விண்கலத்தை அது தள்ளாது. ஏன்?

முதற்காரணம், அதன் மெலிவு. பூமியருகே வெயிலின் அழுத்தம் அதைவிட முப்பது கோடி மடங்கு பெரிது. ஒரு சதுர கிலோமீட்டர்ப் பாயை விரித்து, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஆதிக் கதிர்வீச்சு விழச் செய்தாலும் கிடைக்கும் விசை, ஓர் அரிசி மணியின் எடையில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அந்தக் கதிர்வீச்சு எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. முன்னே தள்ளும் அளவே பின்னேயும் தள்ளுகிறது. ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் கண்ணாடியாகவும் பாயைச் செய்தால் என்ன என்று கெட்டிக்கார மாணவி கேட்கலாம். கறுப்புப் பக்கம் ஒளியை விழுங்கும்; கண்ணாடிப் பக்கம் திருப்பி அனுப்பும். வேறுபாடு உண்டுதான். ஆனால் கறுப்புப் பக்கம் விழுங்கிய வெப்பத்தை மீண்டும் வெளியே வீசவும் செய்யும். கலமும் கதிர்வீச்சும் ஒரே குளிரில் இருக்கும்போது கணக்கு நேராகி, உந்துதல் இல்லாமற் போகும். மேட்டூர் அணையில் உயரத்திலிருந்து விழும் நீர் மின்சாரம் தருகிறது; எப்பக்கமும் ஒரே மட்டமாக நிற்கும் ஏரி நீர் ஒரு சக்கரத்தையும் சுழற்றாது. ஏற்றத்தாழ்வு இருந்தால்தான் வேலை நடக்கும். இதுவே வெப்பவியலின் சட்டம்.

மூன்றாவது, விண்கலம் வேகமெடுத்தால் எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டுவது போல, முன்னாலிருந்து வரும் கதிர்வீச்சின் அழுத்தம் கூடி அதன் வேகத்தை மிகச் சிறிதளவு குறைக்கும். நம் சூரிய மண்டலமே நொடிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கதிர்வீச்சினூடே செல்கிறது. செல்லும் திசையில் வானம் இம்மியளவு வெப்பமாகத் தெரிவதைக் கொண்டுதான் இதை அறிந்தார்கள். ஆக, அந்தக் கதிர்வீச்சு நமக்கு உந்துகோல் ஆகாது. ஆனால் நம் வேகத்தைச் சொல்லும் அளவுகோல் ஆகிறது.

அப்படியானால் ஒளிப்பாய் என்பதே வீண் கனவா? இல்லை. ஒரே திசையிலிருந்து வரும் சூரிய ஒளி தள்ளும். 2010-இல் ஜப்பானியர் அனுப்பிய இக்காரோஸ் என்னும் கலம், தலைமயிரைவிட மெல்லிய பாயை விரித்து, வெயிலின் உந்துதலாலேயே வேகம் பெற்று வெள்ளிக் கோளைக் கடந்து சென்றது. லேசர் ஒளியால் சிறு கலங்களைத் தள்ளி அடுத்த விண்மீனுக்கு அனுப்பலாம் என்ற திட்டமும் 2016-இல் முன்வைக்கப்பட்டது. கால்சிய அணுவைச் சூரியன் ஏந்திப் பிடிப்பதாகச் சாகா கண்ட அந்தத் தள்ளுதான் இங்கும் வேலை செய்கிறது. வளிமண்டலத்தின் ஓசோன் படலத்துக்கு மேலே ஒரு சூரிய ஆய்வகம் அமைக்க வேண்டும் என்று 1937-இலேயே எழுதியவர் அவர்.

நாட்டுக்கு உழைத்தவர்

1923 முதல் பதினைந்து ஆண்டுகள் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அங்கு வகுப்புகள் மிகுதி, வசதிகள் குறைவு. எனினும் மாணவர் பலரை உருவாக்கினார். வெப்பத்தைப் பற்றி ஸ்ரீவாத்ஸவாவுடன் அவர் எழுதிய பாடநூலைத் தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி மாணவர் படித்தனர். உங்கள் பெற்றோருள் பௌதிகம் பயின்றவர்கள் அதை அறிந்திருப்பார்கள்.

வெள்ளத்தில் மூழ்கும் கிராமங்களை அவர் இளமையிலேயே கண்டவர். 1922-இல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது ஆசான் பிரபுல்ல சந்திர ராயுடன் நிவாரணப் பணியில் இறங்கினார். ஆறுகளை ஆராய்ந்து அடக்க வேண்டும் என்று இடைவிடாது எழுதினார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்ததில் அவருடைய பங்கு பெரிது. கல்கத்தாவில் அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிலையத்தை 1950 ஜனவரியில், மேரி கியூரி அம்மையாரின் மகளும் நோபல் பரிசு பெற்றவருமான ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்தார். அந்நிலையம் இன்று சாகாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1952-இல் முதல் மக்களவைக்குச் சுயேச்சையாகப் போட்டியிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டில் வழங்கிய பல்வேறு பஞ்சாங்கங்களை ஆராய்ந்த குழுவுக்கும் தலைமை தாங்கினார். அக்குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டைக் கொண்ட தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16-ஆம் நாள், புதுதில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்கு நடந்து செல்லும் வழியில் மாரடைப்பால் சாய்ந்தார். வயது 62.

மாணவியரே, மேகநாதரின் வாழ்க்கையைத் திரும்பிப் பாருங்கள். பள்ளி அவரை நீக்கியது. மற்றொரு பள்ளி ஏற்றுக்கொண்டது. சிலர் உடன் உண்ண மறுத்தனர். ஒரு மருத்துவர் தம் வீட்டில் உணவளித்தார். ஓர் இதழில் கட்டுரை அச்சேறவில்லை. அவர் அடுத்த கட்டுரையை எழுதினார். அண்ணனின் சணல் ஆலைக் கூலியும், மருத்துவரின் ஒரு வேளைச் சோறும், பெயர் தெரியாத ஊர் ஆசிரியரின் பரிந்துரையும் சேர்ந்துதான் அவரை உயர்த்தின. ஒவ்வொன்றும் ஒளித்துகளின் தள்ளு போல மிகச் சிறியது. ஆனால் எல்லாம் ஒரே திசையில் தள்ளின.

இப்பக்கத்தைப் படிக்கும் பெற்றோர்களே, நம் ஊரிலும் படிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டிய நிலையில் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு நம்மால் ஆன சிறு உந்துதலைத் தருவோம். மாணவியரே, உங்கள் கணக்கு சரியென்று நீங்கள் அறிந்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் ஐயப்பட்டார் என்பதற்காக அதை அழித்துவிடாதீர்கள். பணிவோடு மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விடை மாறவில்லையென்றால், அதை எழுதி வையுங்கள்.